நூறு ரூபாய்க்கு இருபத்து நாலு

இருபத்து நாலு. எழுதிப் பார்த்தால் எவ்வளவு லட்சணமாக இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் பதினைந்து, அப்புறம் பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று, இப்போது இருபத்து நாலு. பரீட்சைக்குப் பரீட்சை மார்க் கூடிக்கொண்டே வருகிற பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் தாமோதரன் சார் காலையில் இந்தத் தாளைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு ஜெசிந்தா, இன்னும் என்ன யோசனை?" என்றார். யோசனை ஒன்றுமில்லை சார், நாலு மணிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இப்போது மணி மூன்று பத்து. நாலு மணிக்குக் கமிட்டி. நித்திலம் ஃபுட்ஸ், திருச்சி, ரஸ்க், பன், வெண்ணெய் பிஸ்கட். அதன் முதலாளி தன் கைப்பங்கில் கொஞ்சத்தை நாற்பது கோடிக்கு விற்கிறார், எங்கள் மியூச்சுவல் ஃபண்டு வாங்கலாமா வேண்டாமா என்று நான் ஒரு வரி சொல்ல வேண்டும். நாற்பது கோடி என்றால் யார் வீட்டுப் பணம்? மாதாமாதம் ஐநூறும் ஆயிரமுமாக ஊர் ஊராக ஜனங்கள் போடுகிற பணம். வெளியே நுங்கம்பாக்கத்தில் மழை வருவதும் போவதுமாக இருக்கிறது, கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, ஏசி தேவைக்கு மேல் குளிர்கிறது. சொந்தப் பணம் நூறு ரூபாய் போட்டவனுக்கு வருடத்தில் இருபத்து நாலு ரூபாய் லாபம், அதுதான் இந்த எண்ணுக்கு அர்த்தம், வேறு மாயம் ஒன்றுமில்லை. மாயம் இல்லையென்றால் நான் ஏன் காலையிலிருந்து இதைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்? வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பத்தரை மணிக்கே மூன்றாகப் பிரித்துப் போட்டிருப்பேன். இதைப் பிரிக்கக் கை வரவில்லை. இந்தக் கம்பெனி ரஸ்க்கைத் தின்று வளர்ந்த உடம்பு இது. என் அப்பா இருபத்தெட்டு வருடம் கடை கடையாகச் சரக்குப் போடுகிற இதன் லைன் வண்டியை ஓட்டினார். கமிட்டியில் யாருக்கும் அது தெரியாது.

சரி, பிரிக்கிறேன். டூபாண்ட் முறை என்று பெயர், வெடிமருந்து செய்த கம்பெனியில் பிறந்த கணக்கு, ரஸ்க்குக்கும் பொருந்தும். மூன்றே கேள்விகள். நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது. அடுப்பு, கட்டடம், வண்டி, சரக்கு என்று முடங்கிக் கிடக்கிற ஒவ்வொரு ரூபாயும் வருடத்தில் எத்தனை ரூபாய் விற்பனையைக் கொண்டுவருகிறது. அந்த முடங்கிய பணத்தில் சொந்தப் பணம் எவ்வளவு, கடன்காரர் பணம் எவ்வளவு. மூன்றையும் பெருக்கினால் இருபத்து நாலு வந்தாக வேண்டும். முதல் கேள்விக்கு நாலு வருடத்துக்கு முன் பதில் ஆறு ரூபாய். இப்போது நாலு. குறைந்திருக்கிறது. கோதுமை மாவு விலை, எண்ணெய் விலை என்று சின்னவர் போன மாதம் இங்கே வந்து படம் போட்டுக் காட்டினார். கம்பெனியை ஆரம்பித்த பெரியவரின் மகன், இப்போதைய முதலாளி. ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, ஆனால் அப்பா வாயில் சின்னவராக இருந்தவர் எனக்குச் சின்னவர்தான். செலவைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம் என்றார். எதைக் கட்டுப்படுத்தினார் என்று எனக்குத் தெரியும், மேஜையில் ஆளுக்கொரு பாக்கெட் வைத்திருந்தார்கள், பிரித்ததும் மூக்கு சொல்லிவிட்டது. ஏலக்காய் இல்லை, பாட்டில் எசன்ஸ் வாசனை. பெரியவர் காலத்தில் ஏலக்காய் டப்பா அவர் மேஜைக்குள் பூட்டியிருக்கும், காலையில் அவர் கண்ணெதிரே நிறுத்து இடித்துத்தான் மாவுக்குப் போகும். கஞ்சப் பிசினாறி என்று நான் நினைத்தேன். அப்பா சிரித்தார். "அடி அசடே, கூட எடுத்துடுவாங்கன்னு பூட்டல. குறைச்சுப் போட்டுடுவாங்கன்னு பூட்டுறாரு." அந்த மாதிரிப் பூட்டை நான் அதற்கப்புறம் எங்கும் பார்க்கவில்லை. அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் சட்டை நுழைந்துவிடும், பாலக்கரையில் எங்கள் சந்து முழுக்க ஏலக்காயும் பெட்ரோலும் கலந்து மணக்கும். இப்போதும் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது ஒரு வாசனை குறைகிற மாதிரி இருக்கும், என்ன குறைகிறது என்று தெரிவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். ஏலக்காயில் மிச்சம் பிடித்தும் ஆறு எப்படி நாலானது? பக்கத்தைப் புரட்டினால் வட்டி என்று ஒரு வரி நிற்கிறது. முன்பு அந்த வரியே கிடையாது. இருக்கட்டும், அது மூன்றாவது கேள்வியின் சங்கதி. மணி மூன்று இருபது.

இரண்டாவது கேள்வி. அப்போது இரண்டு, இப்போது ஒன்றரை. அதுவும் குறைந்துதான் இருக்கிறது. அப்போது முடங்கிய ஒரு ரூபாய் வருடத்தில் இரண்டு ரூபாய்க்கு விற்றது, இப்போது ஒன்றரை ரூபாய்க்குத்தான் விற்கிறது. ஏன்? சரக்கு கிடக்கிறது. இருபத்தோரு நாளில் கைமாறின சரக்கு இப்போது ஐம்பத்தெட்டு நாள் கிடக்கிறது. இருபத்தொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் கணக்கு நின்றுவிட்டது, மே மாத லீவு வந்துவிட்டது, எனக்கு ஒன்பது வயது, மட்டடோர் வேனில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இன்ஜின் மூடி தொடையைச் சுடுகிறது. மணப்பாறை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி. பாக்கெட் வாயை நூலால் கட்டிய காலம் அது. ஒரு வாரம் சிவப்பு நூல், அடுத்த வாரம் பச்சை, அதற்கடுத்து மஞ்சள், நாலாவது வாரம் நீலம், மறுபடி சிவப்பு. தேதி படிக்கத் தெரியாத கடைக்காரருக்கும் நிறம் தெரியுமல்லவா. இந்த வாரம் நீலம் கட்டுகிறார்கள் என்றால் கடையில் சிவப்பு இருக்கக் கூடாது, மூன்று வாரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம், எடுத்து வந்துவிட வேண்டும். ரிட்டன் என்பார்கள், அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கடைக்குள் ஓடிப்போய்ப் பழைய நூலைக் கண்டுபிடிப்பது என் வேலை. காதர் பாய் கடையில் பாட்டில்களுக்குப் பின்னால் எப்போதும் ஒன்று ஒளிந்திருக்கும். "ஏன் லூர்து, முறுமுறுன்னுதானே இருக்கு, கிடந்துட்டுப் போகட்டுமே" என்பார். "கிடக்கக் கூடாது பாய். விக்காதது நம்ம பேர்ல கடையில உக்காந்திருக்கக் கூடாதுன்னு பெரியவர் சொல்லியிருக்காரு" என்பார் அப்பா, தன் சொந்தக் கட்டளை போல. எனக்கு அந்தச் சிவப்பு நூல்களையெல்லாம் சேர்த்துவைத்து ஜடையில் கட்டிக்கொள்ள ஆசை. ஒருநாள் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், சிஸ்டர் அவிழ்க்கச் சொன்னார், அவிழ்த்து எங்கே வைத்தேன்? எங்கோ வைத்தேன். பிற்பாடு கல்லூரியில் சொத்துச் சுழற்சி என்று பாடம் நடத்தியபோது வகுப்பே விழித்தது, எனக்கு மட்டும் அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தது, வாத்தியார்கூட ஆச்சரியப்பட்டார். நூல் போய்விட்டது, பாக்கெட்டை இப்போது மெஷின் ஒட்டுகிறது, ஆறு மாதம் கெடாது என்று போட்டிருக்கிறது. ரிட்டன் எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறதாம். அதையும் சின்னவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது, ஆனால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன்.

நாலையும் ஒன்றரையையும் பெருக்கினால் ஆறு. ஆறிலிருந்து இருபத்து நாலுக்குப் போக வேண்டுமே, அவ்வளவையும் மூன்றாவது கேள்வி ஒற்றை ஆளாகத் தூக்கியிருக்கிறது. பேனாவை எடுக்கிறேன், போன் அடிக்கிறது. அம்மா. கமிட்டி நாளில் எடுக்கக் கூடாது, எடுத்துவிட்டேன்.

"ஜெசி, சாப்ட்டியா?"

"ஆச்சும்மா. மீட்டிங் இருக்கு, சீக்கிரம் சொல்லு."

"ஒண்ணுமில்லடி. டீக்குத் தொட்டுக்க நம்ம ரஸ்க்கு வாங்குனேன். ஊறவே மாட்டேங்குது. கல்லு மாதிரி கிடக்கு. எம் பல்லுதான் போச்சோன்னு பாத்தேன், எதுத்த வீட்டு மார்ட்டினாவும் அதேதான் சொல்றா." டீயை ஒரு மடக்கு உறிஞ்சினாள். "கம்பெனி நல்லா இருக்கா?"

"நல்லாத்தாம்மா இருக்கும்."

"இருக்கும்னா? அதெல்லாம் பாக்குறதுதானே உன் வேலை?"

"வெளிய சொல்லக் கூடாதும்மா."

"நானாடி வெளி? என்னவோ, நல்லா இருக்கட்டும். பெரியவர் போனாலும் மகன் நம்மள மறக்கல. அப்பா பங்குக்குக் கூடப் போட்டுக் குடுத்தான். அதுலதான நடக்குறேன்" என்று முட்டியைத் தட்டியிருப்பாள், டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

கூடப் போட்டுக் கொடுத்தான். ஆமாம், சந்தையில் முந்நூற்று நாற்பது விற்றபோது நானூற்றுப் பத்துக்குக் கம்பெனியே வாங்கிக்கொண்டது, ஒன்றரை வருடத்துக்கு முன். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பியது நான்தான். அந்தப் பங்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. கம்பெனியில் ஒரு வழக்கம், பத்து வருடம் முடித்த ஆளுக்கு ஆயுத பூஜை அன்று நூறு பங்கு. தட்டில் வைத்துத் தர மாட்டார்கள், ரஸ்க் டின்னுக்குள் பொரிகடலை, அதற்கு மேல் மடித்த பத்திரம். அப்பா நெற்றியில் யாரோ வைத்த சந்தனத்தோடு வீட்டுக்கு வந்தார், சேசுவே என்று அம்மா சிரித்தாள். "லூர்து, இன்னையிலேர்ந்து நீயும் முதலாளி" என்று பெரியவர் எல்லார் முன்னாலும் சொன்னாராம். அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "ஏய் செலின், முதலாளிக்கு ஒரு டீ போடு" என்றார். அதன் பிறகு எத்தனையோ வருடம், லைன் முடிந்து களைத்து வருகிற நாளெல்லாம் முதலாளிக்கு ஒரு டீ. அந்த டின் மாதா படத்துக்குக் கீழேதான் இருந்தது. நூறு பங்கு போனஸில் பெருகிப் பெருகி இரண்டாயிரத்து நானூறு ஆனது, அப்பா ஒன்றைக்கூட விற்கவில்லை, என் கல்லூரி ஃபீஸுக்குக்கூட விற்காமல் சீட்டு எடுத்தார். எனக்கு அப்போது கோபம். முதலாளி எங்காவது கம்பெனியை விற்பானா என்று கேட்டார். அவர் போன பிறகு நான்தான் விற்க வைத்தேன். அம்மா கேட்டாள், ஒண்ணே ஒண்ணாவது இருக்கட்டும்டி, அப்பா பேர் இருக்கும்ல. ஒண்ணை வச்சு என்னம்மா பண்றது, நல்ல விலைம்மா, முட்டி ஆபரேஷன் இருக்கில்ல, என்றேன். கணக்குப்படி தப்பே இல்லை. யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. ஊரார் கம்பெனிக்கெல்லாம் அடிவரை தோண்டுகிறவள், அப்பா கம்பெனிக்கு விலையை மட்டும் பார்த்தேன்.

இப்போது பார்க்கிறேன். நாலு வருடத்தில் மூன்று முறை இப்படி வாங்கியிருக்கிறார்கள், மொத்தம் நூறு கோடிக்கு. சின்னவர் தன் பங்கை ஒரு தடவையும் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் சின்னச் சின்னப் பங்குக்காரர்கள், அடுப்படி மேஸ்திரிகள், பாக்கிங் பெண்கள், லைன் டிரைவர்கள், அவர்களுடைய விதவைகள், என்னை மாதிரிப் புத்திசாலிப் பிள்ளைகள் வாய்த்தவர்கள். கையிலிருந்த காசை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, காலியான கைக்கு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் அந்த வட்டி வரி வந்தது. நூற்று அறுபது கோடியாக இருந்த சொந்தப் பணம் எழுபத்தைந்து. சொத்து மட்டும் இருநூறிலிருந்து முந்நூறு. முந்நூறை எழுபத்தைந்தால் வகுத்தால் நாலு. நாலு, ஒன்றரை, நாலு. பெருக்கினால் இருபத்து நாலு. சரியாக வருகிறது, ஒரு பைசா பிசகவில்லை. விற்பதில் மிஞ்சுவது குறைந்தது, சரக்கு ஓடுவது குறைந்தது, ஆனாலும் எண் ஏறியது. வகுக்கிற எண் சிறியதானால் வருகிற எண் பெரியதாகத்தான் ஆகும், அது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வகுக்கிற எண்ணுக்குள் அப்பா இருந்தார். இரண்டாயிரத்து நானூறு பங்காகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பி வெளியே அனுப்பியதால் மார்க் கூடியிருக்கிறது. அனுப்பியது சின்னவர் இல்லை, சின்னவர் கதவைத் திறந்துவைத்தார், கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தது நான். சட்டென்று கண் கரித்தது. பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறாரா? பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், ஏசி குளிர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நேர்மையாக இன்னொரு தடவை போடு ஜெசிந்தா, கோபத்தில் போடாதே. அந்த நூறு கோடியைத் திரும்ப உள்ளே வை. சொந்தப் பணம் நூற்று எழுபத்தைந்து. கடன் அவ்வளவு இருந்திருக்காது, வட்டி மிச்சமாகியிருக்கும், வரி போக அதில் ஏழு கோடியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கட்டும். இப்போது பதினெட்டு கோடியாக இருக்கிற லாபம் இருபத்தைந்தாகிறது. இருபத்தைந்தை நூற்று எழுபத்தைந்தால் வகு. பதினாலு. பதினாலும் சில்லறையும். நாலு வருடத்துக்கு முந்தைய பதினைந்தைவிடக் கம்மி. மணி மூன்று ஐம்பது. இதைச் சொன்னால் என்ன ஆகும்? சின்னவருக்கு வேறு ஃபண்டு கிடைக்கும், அல்லது கிடைக்காது. பேச்சு வெளியே போனால் விலை இறங்கும், நித்திலம் படுத்துவிட்டது என்பார்கள், பாலக்கரைக் கடைகளில் நிறுத்துவார்கள், நானே என் கையால் அந்த வாசனையை, எந்த வாசனையை, அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இருபத்து நாலு பொய் இல்லை, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடும். அப்புறம் எந்த ஊரிலோ ஒரு டிரைவர் மாதம் ஐநூறாகச் சேர்த்ததில் ஒரு துண்டு காணாமல் போகும், ஏன் போனது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. என் மனசு அடம்பிடிக்கிறது, நம்ம கம்பெனிடி, நம்ம கம்பெனி, என்று. காலையிலிருந்து பிரிக்காமல் இருந்தது அதனால்தான், பிரித்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. காதர் பாய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்த மாதிரி.

இன்னொன்றும் உறுத்துகிறது. தாளின் அடியில் ஒரு கட்டம். இந்தக் கம்பெனியோடு உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ தொடர்பு உண்டா? காலையில் இல்லை என்று டிக் போட்டேன். பங்கை விற்றாகிவிட்டது, அப்பா இல்லை, சட்டப்படி அந்த இல்லை சரிதான். ஆனால் டிக் போடும்போது கை ஏன் அவ்வளவு வேகமாகப் போனது? வண்டி ஓட்டினவர் மகள் என்று தெரிந்துவிடும் என்றா? பதினெட்டு வருடமாக இந்த மாடியில் நான் திருச்சி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், அப்பா என்ன செய்தார் என்று கேட்டால் ஃபுட் கம்பெனியில் சேல்ஸ் என்பேன். அப்பா என்றைக்காவது அப்படிச் சொல்லியிருப்பாரா? யார் கேட்டாலும், நித்திலம் வண்டி நம்மதான் ஓட்டுறோம் என்பார், ஏதோ தேர் ஓட்டுகிற மாதிரி. வெட்கமாக இருக்கிறது. அந்த டிக்கின் மேல் கோடு போட்டுவிட்டு உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டேன், பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

கமிட்டி அறையில் ஐந்து பேர். டீ வந்திருந்தது, தட்டில் யாரோ அந்தப் பாக்கெட்டையே பிரித்து வைத்திருந்தார்கள். தாமோதரன் சார் ஒரு ரஸ்க்கை டீயில் முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தோன்றியது, பழைய ரஸ்க் நாலுக்குள் ஊறிவிடும், ஐந்துக்கு டம்ளருக்குள் விழுந்துவிடும். நான் ஒன்பதுவரை எண்ணினேன். அது விறைப்பாகவே இருந்தது.

"சொல்லும்மா ஜெசிந்தா. சுருக்கமாச் சொல்லு. கம்பெனி நல்லா இருக்கா?" என்றார்.

அம்மா கேட்ட அதே வார்த்தை. தாளை மேஜையில் வைத்தேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். எங்கப்பா இந்தக் கம்பெனில இருபத்தெட்டு வருஷம் லைன் வண்டி ஓட்டினார். பங்கும் வச்சிருந்தார். அதைக் கம்பெனிக்கே வித்தது நான்தான்."

தாமோதரன் சார் ரஸ்க்கைச் சாஸரில் வைத்தார்.

"அப்படின்னா இந்தக் கணக்கை நீ செஞ்சிருக்கக் கூடாதேம்மா."

"ஆமா சார். வேற யாரையாவது விட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி போடச் சொல்லுங்க."

"சரி, நீ போட்டதுல என்ன வந்தது? இருபத்து நாலுதானே?"

"எங்கப்பாவை மாதிரி ஆளுங்களை வெளிய அனுப்பினதால இருபத்து நாலு சார். அவங்களைத் திரும்ப உள்ள உக்கார வச்சுப் போட்டா பதினாலுதான்."